குரல் கொடுத்தவன்

பூட்டான் மண்ணில் கால் வைத்ததும் நான் முதலில் விசாரித்தது கக்கூஸ் எங்கே என்றுதான். கல்கத்தாவில் விமானம் ஏறும்போதே அடிவயிறு முட்டிக்கொண்டிருந்தது. விமானத்துக்குள்ளேயே வசதி இருக்கிறது, போய்விட்டு வாருங்கள் என்று பக்கத்து சீட் டாக்டரம்மா சொன்னார்கள். ஆகாயத்தில் பறந்துகொண்டே அதைச் செய்ய எனக்கு மனசு வரவில்லை. கீழே யார் வீடு இருக்கிறதோ.

முழுசாக எழுதிக் கொடு, ஒன்றையும் விடாதே என்று சொன்னீர்கள், ஐயா. அதனால் இதையும் எழுதுகிறேன்.

நான் தேசப்பன். வயது முப்பத்தொன்பது. மரக்காணம் உப்பளத்தில் மேஸ்திரி. பதினெட்டு பேரை வைத்து வேலை வாங்குகிறவன். இந்த நவம்பர் பதினொன்றாம் தேதி காலையில் பாரோ விமான நிலையத்தில் இறங்கினோம். நாங்கள் எட்டுப் பேர். பறவை பார்க்கப் போன குழு. பாண்டிச்சேரியில் கல்லூரிப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்ற கலையரசன் சார்தான் எங்களை அழைத்துப் போனவர்.

வெளியே சோனம் என்று ஒரு பையன் காத்திருந்தான். எங்களுக்கு வழிகாட்டி. முழங்கால் வரை இழுத்துக் கட்டிய அங்கி, கையில் ஒரு தாள், தோளில் எட்டு வெள்ளைத் துண்டுகள். பெயரைப் படித்து, கையைத் தூக்கியவர் கழுத்தில் துண்டைப் போட்டு வரவேற்றான். ஏழு பேருக்கும் போட்டான். எட்டாவது பெயரைப் படித்தான்.

"மிஸ்டர் மாயவன்?"

பெயரை மாற்றச் சொல்லி சார் மூன்று தடவை கடிதம் போட்டிருந்தார். டிக்கெட்டில் மாறியிருந்தது. சோனம் கையிலிருந்த தாளில் மாறவில்லை. சார் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் நான் கையைத் தூக்கிவிட்டேன்.

"யெஸ்" என்றேன்.

என் கழுத்தில் துண்டு விழுந்தது. டாக்டரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்கள். சார் என் தோளை அழுத்தினார். "அவனே வந்த மாதிரி இருக்குது தேசப்பன்" என்றார்.

மாயவன் இறந்து அன்றைக்கு எண்பது நாள். அவனுக்கென்று ஒதுக்கிய இடத்தில்தான் நான் போயிருந்தேன். அவன் போட்டுக்கொள்வதற்காகப் பாண்டிச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கி வைத்திருந்த சாம்பல் கலர் ஸ்வெட்டர் என் உடம்பில் இருந்தது. அவன் பெண்சாதி அம்சவள்ளிதான் கொடுத்தாள். எனக்குக் கச்சிதமாகப் பொருந்தியது.

மாயவனும் நானும் ஒரே தெருவில் பிறந்தவர்கள். எட்டாவது வரை ஒரே பெஞ்ச். அவன் எட்டாவதோடு உப்பு வாரும் பலகையைப் பிடித்துவிட்டான். நான் பத்தாவது முடித்து மேஸ்திரி ஆனேன். உப்பளத்தை ஒட்டிக் கழுவெளி ஏரி. மழை முடிந்தால் அதில் எங்கெங்கிருந்தோ பறவைகள் வந்து இறங்கும். சின்ன வயதில் அவற்றை நாங்கள் கல்லால் அடித்திருக்கிறோம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கலையரசன் சார் கழுத்தில் பைனாகுலரோடு வந்து வரப்பில் நின்று வழி கேட்டார். அன்றிலிருந்து அடிப்பதை விட்டுப் பார்க்க ஆரம்பித்தோம்.

சார் கொடுத்த புத்தகத்தில் இங்கிலீஷ் பெயர்களை எல்லாம் மனப்பாடம் செய்தேன். கார்களில் வருகிறவர்களுக்கு நின்று விளக்கிச் சொல்கிறவன் நான். மாயவன் பேசமாட்டான். தலையை ஒரு பக்கமாகச் சாய்ப்பான். "அதோ" என்பான். அவன் கை காட்டிய பக்கம் பத்து நிமிஷம் கழித்து ஒரு பறவை எழும்பும். கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் காதால் பிடித்துவிடுவான். நூற்றுக்கு மேற்பட்ட சத்தங்கள் அவன் காதில் இருந்தன. பெயர் ஒன்றும் தெரியாது. பெயர் சொல்ல நான் இருந்தேன். இரண்டு பேரும் சேர்ந்தால்தான் ஒரு ஆள் என்று சார் கேலி செய்வார்.

நான் அதைக் கேலியாக எடுத்துக்கொண்டேன்.

போன ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பம்ப் செட் நிழலில் உட்கார்ந்து சார் விஷயத்தைச் சொன்னார். பூட்டானுக்குப் பத்து நாள் பயணம். ஏழு பேர் பணம் கட்டினால் எட்டாவது ஆளுக்கு இலவசம். அதற்கு முந்தின வாரம்தான் எங்கள் இரண்டு பேரிடமும் வாக்காளர் அட்டை இருக்கிறதா என்று கேட்டிருந்தார். பூட்டானுக்குப் போக அது போதுமாம். ஆகவே நான் முகத்தைச் சிரித்தபடி தயாராக வைத்திருந்தேன்.

"மாயவன், நீ வர்றே" என்றார்.

சிரிப்பை அப்படியே வைத்துக்கொண்டிருந்தேன். அது ஒன்றும் கஷ்டமாக இல்லை.

"தேசப்பன், உங்களுக்கு வருத்தமில்லையே? அங்க பனி மூட்டம், காடு. கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. காதுதான் வேணும்."

"என்னா சார் வருத்தம்? அவன் போனா என்னா, நான் போனா என்னா."

அன்று சாயங்காலம் கூனிமேட்டில் டீ குடித்தோம். மாயவன் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தான், குடிக்கவில்லை.

"டேய் தேசா, நீ போடா. சாரு கிட்ட நான் சொல்றேன்."

"ஏம்பா, எனக்குப் பிச்சை போடுறியா?"

"பிச்சையாவது ஒண்ணாவது. என் கண்ணு லட்சணம்தான் உனக்குத் தெரியுமே. உச்சி வெயில் ஏறுனா வெள்ளையா மறைச்சிக்குது. அம்மாந்தூரம் போயி மலையில உருண்டு வெச்சன்னா சாருக்கு இல்ல கெட்ட பேரு?"

"அங்க ஏதுடா உப்பு, கண்ணு கட்டறதுக்கு? ஒழுங்கா போயிட்டு வா."

"உப்பு இல்லாத தண்ணியில குருவிங்கல்லாம் எப்டிடா உசுரோட இருக்குது?" என்று சிரித்தான். பிறகு டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "நெசமாவே உனக்கு வேணாமா?" என்று மறுபடியும் கேட்டான்.

வேண்டாம் என்றேன். இரண்டு தடவை கேட்டான், இரண்டு தடவையும் வேண்டாம் என்றேன். இதை நீங்கள் கவனிக்க வேண்டும், ஐயா. எனக்குத் தன்மானம் உண்டு. இன்னொருவன் விட்டுக்கொடுத்து வாங்கிக்கொள்கிற ஆள் நான் இல்லை. அவன் கண் விஷயத்தை சார் காதில் போட்டிருந்தால் ஒரே நிமிஷத்தில் அந்த இடம் எனக்கு வந்திருக்கும். அதையும் செய்யவில்லை. சினேகிதனைக் காட்டிக்கொடுப்பது என் பழக்கம் இல்லை.

ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் மாயவன் நாலு நாள் லீவு கேட்டான். பாண்டிச்சேரியில் கண் ஆஸ்பத்திரிக்குப் போக. அம்சவள்ளிக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். கொடுத்தேன்.

அந்த நாலு நாளில்தான் எங்கள் அளத்தில் குழி வெட்டினார்கள். சுனாமியில் ஏரி வாய்க்கால் தூர்ந்து போய், ஒன்றரை வருஷமாக முதலாளி தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த வேலை. பொக்லைன் வைத்து, வாய்க்கால் ஏரியைத் தொடுகிற இடத்தில் பன்னிரண்டடி ஆழத்துக்குத் தோண்டினார்கள். அதில் ஊறி நிறைந்தது தண்ணீர் இல்லை, கருப்புக் கூழ். இரண்டு நாள் வெயிலில் அதன் மேல் பாலாடை மாதிரி வெள்ளை படிந்துவிட்டது. பார்த்தால் தரை. குழிக்கு நாலு பக்கமும் கம்பு நட்டு சிவப்புத் துணி கட்ட வேண்டியது மேஸ்திரி வேலை.

துணி கிடைக்கவில்லை, மறுநாள் கட்டலாம் என்றிருந்தேன் என்று ஆகஸ்டில் உங்களிடம் எழுதிக் கொடுத்தேன்.

இருபத்து மூன்றாம் தேதி, புதன்கிழமை. மாயவன் வேலைக்குத் திரும்பிய முதல் நாள். குழி வெட்டியது அவனுக்குத் தெரியாது. தோளில் துணிப் பை. அதற்குள் சார் கொடுத்திருந்த சின்ன டேப் ரெக்கார்டர். பூட்டான் போவதற்கு முன்னால் நம் ஊர்ச் சத்தங்களைப் பிடித்து வை, அங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று கொடுத்தது. பதினொன்றேகால் மணி இருக்கும், தலையைச் சாய்த்தான்.

"தேசா, ஏரிக்குள்ள ஒரு பூநாரை கத்துது. கால்ல என்னவோ மாட்டியிருக்குது."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பையை வரப்பில் வைத்துவிட்டு இறங்கிப் போனான். தண்ணீர் வற்றிய ஏரி, அரை மைல் தூரம் வெறும் சேறும் உப்புப் பொருக்கும். இளம் பறவை ஒன்று நைலான் நரம்பில் சிக்கியிருந்திருக்கிறது. குந்தி உட்கார்ந்து பல்லால் கடித்துக் கடித்து அறுத்தான். அது பறந்து போனதை வரப்பில் நின்று நானும் பார்த்தேன். அவன் திரும்பும்போது மணி பன்னிரண்டு. மற்றவர்கள் எல்லாம் கொட்டகைக்குச் சாப்பிடப் போய்விட்டார்கள்.

"தேசா! வெள்ளை கட்டிடுச்சிடா! குரல் குடு!"

உங்களுக்கு இது புரிய வேண்டும், ஐயா. நீங்கள் வெளியூர்க்காரர். உச்சி வெயிலில் உப்பளத்தில் நாலு பக்கமும் வெள்ளை எழும்பும். கண் நன்றாக இருக்கிறவனுக்கே திசை தப்பும். அப்போது வரப்பில் நிற்கிறவன் குரல் கொடுப்பான். சேற்றில் இருக்கிறவன் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் குரலைப் பார்த்து நடப்பான். நேராக நடந்தால் நல்ல தரை. எங்கள் அப்பா, தாத்தா எல்லோரும் இப்படித்தான் கரை ஏறினார்கள். இதற்கு ஒரே ஒரு விதி. குரல் கொடுப்பவன் நின்ற இடத்தை விட்டுக் கால் நகரக் கூடாது. நடக்கப் பழகும் குழந்தைக்கே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவோம். சொந்தக் காலை நம்பாதே, குரலை நம்பு என்போம்.

நான் குரல் கொடுத்தேன். "வா... வா... இப்டியே வா..." என்று நிறுத்தாமல் கொடுத்தேன். கொட்டகையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த கூலிக்காரி விருத்தாம்பாள் உங்களிடம் அதைத்தான் சாட்சி சொன்னாள். "பாவம்ங்க, மேஸ்திரி தொண்டை கிழிய கூப்ட்டுக்கிட்டே இருந்தாரு. வெதி, அந்த ஆளு குழியில போயி எறங்கிட்டாரு." நீங்களும் அப்படியே எழுதிக்கொண்டீர்கள். தவறி விழுந்து சாவு. அன்றைக்கு நான் எழுதிக் கொடுத்த தாளில், துணி விஷயத்தைத் தவிர, ஒரு வரி கூடப் பொய் இல்லை. குரல் கொடுத்தேன் என்றுதான் எழுதினேன். எங்கிருந்து என்று யாரும் கேட்கவில்லை.

பதினாறு முடிந்ததும் சார் என்னைக் கூப்பிட்டார். "மாயவன் இடத்துல நீங்க வரணும். வேற யாரையும் கூட்டிக்கிட்டுப் போக எனக்கு மனசு இல்ல" என்றார். ஒரு வாரம் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உடனே சரி என்பது மரியாதையாக இருக்காது.

மறுபடி பாரோவுக்கு வருகிறேன். விமான நிலையத்திலிருந்து வேனில் ஏறி ஐந்து நிமிஷம் போயிருப்போம். ஆற்றுப் பாலத்தில் சோனம் வண்டியை நிறுத்தச் சொன்னான். கண்ணாடி மாதிரி தண்ணீர், உருண்டைக் கற்கள். அந்தக் கற்களுக்கு நடுவே கல் நிறத்திலேயே ஒரு பறவை உண்டு, சிவப்பு அலகு, அரிவாள் மாதிரி வளைந்திருக்கும், ஐபிஸ்பில் என்று பெயர். அதைப் பார்க்கவே வெளிநாட்டுக்காரர்கள் லட்சம் லட்சமாகச் செலவழித்து வருவார்களாம். எட்டுப் பேரும் கம்பியில் சாய்ந்து தேடினோம். அரை மணி நேரம் ஆகியும் யாருக்கும் தெரியவில்லை.

"மாயவன் இருந்தா இந்நேரம் 'அதோ'ன்னு சொல்லியிருப்பான்" என்றார் சார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தேன். எப்படிச் சாய்த்தேன் என்று எனக்கே தெரியவில்லை. ஆற்றுச் சத்தம் மட்டும்தான் கேட்டது. கடைசியில் சோனம்தான் கண்டுபிடித்தான். கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டு எனக்கு அது வெறும் கல்லாகவே தெரிந்தது. பார்த்துவிட்டேன் என்று சொன்னேன்.

சாப்பாடு முடிந்து விடுதி முற்றத்தில் நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்தோம். மூன்று மணி, இதமான வெயில். உப்புப் போட்ட வெண்ணெய் டீ கொடுத்தார்கள். மற்றவர்கள் முகம் சுளித்தார்கள், நான் இரண்டு கோப்பை குடித்தேன். பயணத்தின் முதல் நாள், பறவைகளைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒரு விஷயம் என்று ஆரம்பித்தார் சார். மடியிலிருந்து சின்ன டேப் ரெக்கார்டரை எடுத்தார்.

அதை எனக்குத் தெரியும்.

"மாயவன் பையில இருந்தது. கருமாதி அன்னைக்கு அந்த விருத்தாம்பாள் அம்மா கொண்டாந்து குடுத்தாங்க. ரொம்ப நாள் கேக்கவே மனசு வரல. போன வாரம்தான் போட்டுப் பார்த்தேன். பூநாரை சத்தம் பதியட்டும்னு ஓட விட்டுட்டுப் போயிருக்கான்."

பேட்டரி வீணாகும் என்று மாயவன் எப்போதும் நிறுத்திவிட்டுப் போகிறவன். அன்றைக்கும் நிறுத்தியிருப்பான் என்றுதான் நான் அந்தப் பையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சார் டேப்பைக் கடைசிப் பகுதிக்கு ஓட்டி வைத்திருந்தார், பொத்தானை அழுத்தினார். முதலில் காற்று. பிறகு வரப்புக்குப் பக்கத்தில் உள்ளான் குருவிகள் மணியடித்த மாதிரி தெளிவாகக் கத்தின. கொஞ்ச நேரத்தில் தூரத்தில் மாயவன் குரல். "குரல் குடு!" பக்கத்தில், காதில் அறைகிற மாதிரி என் குரல். "வா... வா... இப்டியே வா..." டாக்டரம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். "வர்றேன்டா" என்றான் மாயவன். "வா... வா..." என்றேன். ஒவ்வொரு தடவையும் என் குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டே போனது. "வர்றேன்..." "வா..." கடைசியில் நூல் மாதிரி ஆகி, டக் என்று டேப் முடிந்துவிட்டது.

டாக்டரம்மா வீட்டுக்காரர், அவரும் டாக்டர்தான், எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார்.

"ரெண்டு பேரும் கூப்பிட்டுக்கிட்டே மறைஞ்சி போற மாதிரி இருக்குது" என்றார் சார். "கடைசி வரைக்கும் விடலியே தேசப்பன் நீங்க."

படித்தவர்கள். இமயமலை வரைக்கும் வந்து பறவைச் சத்தத்தில் ஆண் எது பெண் எது என்று பிரிக்கத் தெரிந்தவர்கள். ஏழு பேரில் ஒருவருக்கும், குரல் கொடுப்பவன் குரல் ஏன் தேய வேண்டும் என்று தோன்றவில்லை. ஏனென்றால் அவர்கள் யாரும் உப்பளத்தில் பிறக்கவில்லை.

நூற்று ஐம்பது அடி நடந்தேன், ஐயா. வரப்பிலேயே, கிழக்குப் பக்கமாக, மெல்ல. நான் நகர நகர அவனும் திரும்பினான். கண்ணை மூடிக்கொண்டு, சிரித்தபடி. அவனுக்கும் எனக்கும் நடுவே குழி வரும் இடத்தில் நின்றுகொண்டேன்.

சார் டேப்பை உருவி என் கையில் வைத்தார். "இது வேற காப்பி இல்ல. ஊருக்குப் போனதும் அம்சவள்ளி கிட்ட நீங்களே குடுங்க. அவன் குரல் இருக்குதுன்னு நேத்தே கல்கத்தாவுலேருந்து போன் பண்ணிச் சொல்லிட்டேன். எப்ப வருதுன்னு காத்துக்கிட்டிருக்குது பாவம்."

அம்சவள்ளி உப்பளத்தில் பிறந்தவள். பத்து வயதிலேயே அவள் அப்பனுக்குக் குரல் கொடுத்தவள்.

மீதி ஒன்பது நாளும் டேப்பை ஸ்வெட்டருக்குள்ளேயே வைத்திருந்தேன். தூக்கிப் போட ஆறுகளுக்குப் பஞ்சமில்லை. நாலு பாலங்களில் நின்று பார்த்தேன். தொலைந்துவிட்டது என்று சொன்னால் சார் நம்பியிருப்பார். அம்சவள்ளி நம்பமாட்டாள். தவிர, உலகத்தில் மாயவன் குரல் மிச்சமிருப்பது அந்த ஒரு டேப்பில்தான். அதை ஆற்றில் போட்டால் பாவம் இல்லையா? எனக்கும் மனசாட்சி இருக்கிறது.

ஐந்தாம் நாள் ஒரு கணவாய்க் காட்டில் பனி இறங்கியது. முன்னால் போகிறவன் முதுகு தெரியவில்லை. "திஸ் வே... திஸ் வே..." என்று எங்கிருந்தோ சோனம் குரல் கொடுத்தான். மற்றவர்கள் நடந்தார்கள். என் கால் எழும்பவில்லை. அப்படியே பாதையில் உட்கார்ந்துவிட்டேன். சோனம் திரும்பி வந்து கையைப் பிடித்துக் கூட்டிப் போனான். உயரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று டாக்டர் மாத்திரை கொடுத்தார். திபெத்திலிருந்து வரும் கறுப்புக் கழுத்துக் கொக்குகளை ஒரு பள்ளத்தாக்கில் நூற்றுக்கணக்கில் காட்டினார்கள். அழகாகத்தான் இருந்திருக்கும். நான் அவற்றின் சத்தம் காதில் விழாமல் மப்ளரை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றேன்.

நேற்றைக்கு முன்தினம் ஊர் வந்து சேர்ந்தேன். நேற்றுக் காலை எட்டு மணிக்கு அம்சவள்ளி வீட்டுக்குப் போனேன். பக்கத்து வீட்டு டேப் ரெக்கார்டரை முன்கூட்டியே வாங்கித் துடைத்து வைத்திருந்தாள். மாயவன் போட்டோவுக்குப் பூ போட்டிருந்தாள்.

"வாங்கண்ணே. மலை எல்லாம் பார்த்தீங்களா? குளுரு தாங்குச்சா அந்த ஸ்வெட்டரு?"

தாங்கியது என்றேன். டேப்பைக் கொடுத்தேன். போட்டாள். மாயவன் குரல் வந்ததும் முந்தானையைக் கடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். முடிந்தது. மறுபடி போட்டாள். இந்தத் தடவை அழவில்லை. மூன்றாவது தடவை போட்டு, பாதியில் நிறுத்தினாள்.

"அண்ணே, பொட்டி எங்க இருந்துச்சி?"

"வரப்புலதான். பையில."

"நீங்க?"

"பக்கத்துலதான்."

"பக்கத்துல நின்னா உங்க குரல் ஏன் தேயுது?"

"பேட்டரி எறங்கியிருக்கும் அம்சவள்ளி."

அவள் பொத்தானை அழுத்தினாள். டேப்பின் கடைசிப் பகுதி. என் குரல் நூலாகப் போய்க்கொண்டிருந்தது. அதே நேரத்தில் உள்ளான் குருவிகள், ஆரம்பத்தில் கத்திய மாதிரியே கணீர் என்று கத்திக்கொண்டிருந்தன.

"பேட்டரி எறங்குனா குருவி சத்தமும் இல்ல எறங்கணும்?" என்றாள்.

பன்னிரண்டு வருஷமாகப் பறவை பார்க்கிறேன், எனக்கு அது தோன்றவே இல்லை. மாயவன் பெண்சாதி அல்லவா.

கத்துவாள், முடியைப் பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். டேப்பை வெளியே எடுத்தாள். முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். வாசலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஸ்டேஷனுக்கு நீங்களே போறீங்களா, நான் போவட்டுமா?"

நான் அப்போதே வரவில்லை. ஒரு நாள் முழுக்க வரப்பில் உட்கார்ந்திருந்தேன். அவளும் வரவில்லை, எனக்கு அவகாசம் கொடுத்தாள். இன்று காலை ஸ்வெட்டரைத் துவைத்து மடித்து அவள் வீட்டில் வைத்துவிட்டு நடந்து வந்தேன். யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை, நானாகத்தான் வந்தேன் என்பதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

துணி விஷயத்தையும் திருத்திக்கொள்ளுங்கள். சிவப்புத் துணி அன்றைக்கு என் மடியில் இருந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலமே கம்பு வெட்டி வைத்துவிட்டேன். மாயவன் மறுநாள் வேலைக்கு வருகிறான் என்று அம்சவள்ளி வந்து சொல்லிவிட்டுப் போனாள். அதற்கப்புறம் கட்டவில்லை.

நேற்று நான் கிளம்பும்போது அவள் இன்னொன்றும் கேட்டாள். "டேப்பு முடிஞ்சப்புறம் அவரு எதுனா சொன்னாரா?" இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். சொன்னான். அது எனக்கு மட்டும்தான் தெரியும். உங்களிடம் மறைப்பதில் அர்த்தமில்லை.

குழிக்குப் பத்தடி இருக்கும்போது மாயவன் நின்றுவிட்டான். கண் மூடியிருந்தது. வலது கால் கட்டைவிரலால் தரையைத் தொட்டுப் பார்த்தான். சின்ன வயதிலிருந்து உப்பில் நடந்த கால், அதற்கு ஏதோ தெரிந்துவிட்டது.

"தேசா, தரை என்னமோ குளுந்துருக்குதேடா. சரியாத்தான் வர்றனா?"

அப்போதுகூட எனக்கு நேரம் இருந்தது. ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. அவன் முகத்தை என் பக்கம் திருப்பிக்கொண்டு, பதிலுக்காகத் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றான்.

"சரியாத்தான் வர்றே. தைரியமா வா" என்றேன்.

அவன் பயந்துகொண்டே வரக் கூடாது என்பதற்காகத்தான் அப்படிச் சொன்னேன், ஐயா.